படுவான்கரைப் போடியார் வீட்டை மீட்டெடுத்தல்: முதல் மாரியிலிருந்து கடைசிப் பூச்சு வரை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களிலும், அம்பாறை மாவட்டத்தின் வயலோரக் கிராமங்களிலும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய போடியார் (பெரிய வயற்சொந்தக்காரர்) வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதைத் திருத்தி முடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் சென்றன. அவற்றுள் மூன்று ஆண்டுகள் நானே செய்த பிழைகளைக் களைவதற்குச் செலவாயின. அதன் பிறகு உறவினர்களின் நான்கு வீடுகளில் உடனிருந்து வேலை பார்த்தேன். புதிதாகத் தொடங்கிய எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்கினார்கள். கண்ணில் படுகிற சுவரில் கை வைத்தார்கள். அந்தச் சுவரைக் கெடுத்துக்கொண்டிருந்த நீரைத் தேடவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசையே முதன்மையானது: நிலத்து நீர், கூரை, சுவர், மரவேலை, தரை, நிறம். இந்த வரிசைக்கு இரண்டு மாரியும் இரண்டு கோடையும் வேண்டும். முதல் மாரி பார்ப்பதற்கு, முதல் கோடை வடிகாலுக்கும் கூரைக்கும், இரண்டாம் மாரி அந்த வேலையைச் சோதிப்பதற்கு, இரண்டாம் கோடை மற்ற எல்லாவற்றுக்கும். மூன்று மாத விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து முடித்துவிட்டுப் போகலாம் என்று எண்ணுபவர்கள் அந்தப் பணத்தில் வளவுக்குள் புதிதாக ஓர் அறை கட்டிக்கொள்வது நல்லது. பழைய வீடாவது தப்பும்.

1. உறுதியும் உடன்பாடும்

எங்கள் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்மக்களுக்குப் போகிறது. தாய் வீடு மூத்த மகளுக்கு என்று வாய்ச்சொல்லாக இருந்தாலும், உறுதியில் (காணிப் பத்திரத்தில்) சகோதரிகள் எல்லாரும் பங்காளிகளாக இருப்பதுண்டு. கூரையை இறக்கிய பிறகு ஒரு பங்காளி மறுப்புச் சொன்னால், ஓடில்லாத வீடு ஒரு மாரி முழுவதும் நனையும். அதற்குப் பின் வழக்கில் வெல்வதால் பயனில்லை. எனவே யாருடைய பணம், யாருடைய உரிமை, முற்றத்துக் கிணற்றை யார் யார் பாவிப்பது என்பதை முதலில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரதேச சபையிடம் எந்த வேலைக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் பதிலைப் பெறுங்கள். வீடு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் வந்ததாக இருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஓர் ஓட்டைக்கூட அசைக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குச் செலவு ஒரு கடிதம் மட்டுமே.

2. ஒரு மாரியை வீட்டுக்குள் இருந்து பார்த்தல்

ஐப்பசி முதல் தை வரை, எதையும் உடைக்காமல், வீட்டைக் கவனியுங்கள். மழை கொட்டும் இரவில் ஒவ்வோர் அறையிலும் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரடியில் நீர் தேங்குகிறது, தேங்கிய நீர் எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்பதை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதுங்கள். கோடையில் பார்த்தால் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நோய் எங்கே என்று மாரிதான் காட்டும்.

சுவரில் ஈரம் தரையிலிருந்து மேலேறியிருக்கிறதா, மேலிருந்து இறங்கியிருக்கிறதா என்பதைப் பிரித்தறிவதே இந்தக் கட்டத்தின் முதல் வேலை. கீழிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் மூன்று அடி அளவில் நின்றுவிடும்; அதன் மேல் விளிம்பில் வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கும். மேலிருந்து இறங்கும் ஈரம் பழுப்பு வழியல்களாகத் தெரியும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தின் கோடு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது நேர்மட்டமாக வீடு முழுவதும் ஒரே உயரத்தில் ஓடும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அந்த உயரத்துக்குக் கீழே மின்செருகிகளை வைக்காதீர்கள்.

வெடிப்புகளுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. வெடிப்பின் குறுக்கே, உள்ளங்கை அளவில், மெல்லிய சுண்ணாம்புச் சாந்துப் பட்டை ஒன்றைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் பென்சிலால் திகதியை எழுதுங்கள். மாரி முடியும்போது பட்டை முழுதாக இருந்தால் அது பழைய வெடிப்பு; அடைத்துவிடலாம். பட்டையில் மயிரிழைக் கீறல் விழுந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அடைப்பதற்கு முன் அடித்தளத்தையும் அருகிலுள்ள மரவேரையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு பட்டைகள் வைத்தேன். கிணற்றுப் பக்கச் சுவரிலிருந்த ஒன்று மட்டுமே கீறியது. அதுவரை ஏழு வெடிப்புகளுக்கும் சீமெந்து பீச்ச வேண்டும் என்று ஒப்பந்தகாரர் மதிப்பீடு தந்திருந்தார்.

அளவெடுப்பும் படமெடுப்பும் இதே காலத்தில் நடக்க வேண்டும். கதவுகள், யன்னல்கள், தூண்கள், காற்றுப்போக்கிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சுவர்ப்படத்திலும் பொருளின் பின்புறத்திலும் எழுதுங்கள். பழைய வீட்டில் ஒரே அளவுபோலத் தெரியும் இரண்டு கதவுகள் ஒருபோதும் ஒரே அளவாக இரா. கழற்றிக் களஞ்சியத்தில் அடுக்கிய பிறகு எது எந்த நிலைக்குரியது என்று தேடுவது பெரும் துன்பம்.

3. வேலைக்கு முன்பே சேர்த்து வைக்க வேண்டியவை

சுண்ணாம்பை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். ஏனென்றால் காத்திருக்க வேண்டிய பொருள் அதுதான். பழைய காலத்தில் கடலோர வீடுகளுக்குப் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று கரையோரப் பாதுகாப்புச் சட்டம் பவள அகழ்வைத் தடை செய்திருக்கிறது; அப்படி எடுத்த சுண்ணாம்பை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். சுட்ட சிப்பிச் சுண்ணாம்போ கற்சுண்ணாம்போ கிடைத்தால் போதும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது, தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, அதற்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாதவரை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் தாமதமின்றி நிறைய நல்ல நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். நீறிய களியை அரிதட்டில் வடித்து, மூடியுள்ள பரல்களில், மேலே நான்கு விரல் நீர் நிற்கும்படி வைத்தால் மூன்று மாதத்தில் வெண்ணெய்போல் வழுவழுப்பாகும். அவசரப்பட்டு நீறாத துகள்களோடு பூசினால், அவை சுவருக்குள் பின்னர் நீறி, உப்பிப் பொரிந்து, சுவர் முழுவதும் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும்.

கடையில் பையில் விற்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளையும் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அது பழையதா என்று சோதிக்க வேண்டும். ஒரு சிட்டிகைத் தூளைக் கோப்பையில் இட்டு அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் அந்தச் சுண்ணாம்பு காற்றைக் குடித்து ஏற்கெனவே கல்லாக மாறிவிட்டது, சாந்துக்கு உதவாது.

மணலை ஆற்றிலிருந்து பெறுங்கள். கடல் மணலிலும் வாவி மணலிலும் உப்பு உண்டு. அந்த உப்பைச் சுவருக்குள் நீங்களே கொண்டுபோய் வைப்பதாக முடியும். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்கு நீரும் இட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே தடித்த சேற்றுப் படலம் படிந்தால் மணலைக் கழுவாமல் சேர்க்கக் கூடாது.

மரத்துக்கு வளைகளில் (கூரையைத் தாங்கும் விட்டங்களில்) பாலை, கதவு நிலைகளில் முதிரை, கைமரத்துக்கு (ஓட்டின் கீழ்ச் சரிந்து வரும் மரத்துக்கு) வைரமேறிய பனை என்பதே இங்குள்ள பழைய வழக்கம். இடிக்கப்படும் வீடுகளிலிருந்து வரும் மரமே இன்று சிறந்தது; அது பல மாரிகளைக் கண்டு முறுக்கி முடித்த மரம். அதை லொறியில் ஏற்றுவதற்கு முன் அனுமதிப்பத்திரம் தேவையா என்று வன அலுவலகத்தில் கேளுங்கள். ஓடுகளையும் இப்படியே சேர்க்கலாம். கள்ளிக்கோட்டை ஓடு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 வேண்டும். உடைவுக்கென்று பத்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். அச்சுக்கு அச்சு ஓட்டின் கொளுவி மாறும் என்பதால், மாதிரி ஓடு ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று பொருத்திப் பார்க்காமல் ஒன்றும் வாங்காதீர்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான மேசனும் பொறுமையுள்ள ஓர் ஓடாவியாரும் (தச்சரும்) கிடைத்துவிட்டால் பாதி வீடு எழும்பியதற்குச் சமம். மேசனைத் தெரிவு செய்ய நான் ஒரு கேள்வியே கேட்பேன்: “பூசின சுவருக்கு எத்தினை நாள் தண்ணி தெளிப்பீங்க?” ஒரு நாள் என்பவர் சீமெந்துக்காரர்.

4. காட்டை வெட்டலும் கழிவை அகற்றலும்

சுவரில் முளைத்த ஆல், அரசங்கன்றுகளைப் பிடித்து இழுக்காதீர்கள். வேர் செங்கல்லைப் பற்றியிருப்பதால் செடியோடு சுவரும் வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் களைகொல்லியைத் தடவி, வேர் பட்டுப்போகும்வரை விட்டு, பின்னர் சாந்தைக் கிளறி எடுத்து அடைக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் யாராவது எப்போதோ அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருந்தால், அதை உடைக்காமலும் அறுக்காமலும், நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்குங்கள். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. மின்னிணைப்பை முழுமையாகத் துண்டித்த பின்னரே கூரைக்கடியில் ஏற வேண்டும். பழைய கம்பிகளின் உறையை எலி தின்றிருக்கும்.

5. நிலத்து நீரை வெளியேற்றல்

பழைய வீடுகள் மேடான அத்திவாரத்தின் மேல் கட்டப்பட்டவை. ஆனால் பல ஆண்டுகளாக முற்றத்தில் மண் கொட்டிக் கொட்டி, பாதையும் உயர்ந்து, இன்று வெளிமண் சுவரடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். செங்கல் ஒரு திரியைப் போன்றது. ஈரமண்ணைத் தொட்டால் நீரை மேலே இழுக்கும். ஆகவே சுவரைச் சுற்றி ஐந்து அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரையைவிட ஓர் அடியேனும் தாழ்த்துங்கள். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது. ஓரிடத்தில் சிறு குழி வெட்டி அந்த மட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தாழ்த்திய நிலம் வீட்டைவிட்டுச் சரிந்து செல்ல வேண்டும். பத்து அடிக்கு மூன்று அங்குலச் சரிவு போதுமானது. நீர் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் தீர்மானியுங்கள். அயலவர் வளவுக்குள் திருப்பிவிட்டால் அது வேறு கதையாகிவிடும். இந்த இடத்தில் புதியவர்கள் சுவரைச் சுற்றிச் சீமெந்துத் தளம் போட்டு விடுகிறார்கள். பார்க்கத் துப்புரவாக இருக்கும். ஆனால் மண்ணிலிருந்து ஆவியாகிப் போக வேண்டிய ஈரத்துக்கு வேறு வழியில்லாமல் அது சுவர் வழியாக ஏறும். பருக்கைக்கல் பரப்பினால் போதும்.

6. கூரை

மாசி பிறந்து நிலம் காய்ந்ததும் கூரையைத் தொடங்கி, ஆவணிக்குள் முடிக்க வேண்டும். முழுக் கூரையையும் ஒரே நாளில் இறக்குவது வேலையாட்களுக்கு எளிது, வீட்டுக்கு ஆபத்து. எதிர்பாராத ஒரு கோடை மழை போதும். ஒரு பகுதியை இறக்கி, மரத்தைத் திருத்தி, மீண்டும் வேய்ந்த பின்னர் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

முகட்டின் இரு பக்கத்திலிருந்தும் சம அளவாக ஓடுகளை இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால், மறுபக்கத்துப் பாரம் முகட்டுவளையையும் சுவர்த்தலையையும் தள்ளும். ஈரமான பழைய சுவர் அந்தத் தள்ளுதலைத் தாங்காது.

மரத்தில் நோய் பெரும்பாலும் முனைகளில்தான் இருக்கும். அதாவது வளை சுவருக்குள் நுழையும் இடத்திலும், கைமரம் இறவாரத்தில் நனையும் இடத்திலும். ஒரு கூரிய உளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. ஆனால் முனை கெட்டதற்காகப் பன்னிரண்டு அடிப் பாலை வளையைத் தூக்கி எறிவது மடமை. கெட்ட பகுதியை அறுத்து, சரிவான வெட்டுப் பொருத்தில் அதே இன மரத்தைச் சேர்த்து, துருப்பிடிக்காத போல்ட் ஆணி போட்டு இறுக்கினால் அது மீண்டும் வேலை செய்யும். சுவருக்குள் செல்லும் முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடுங்கள். காற்றுப்பட்ட மரம் உளுக்காது.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். பழைய கூரைகள் தம் பாரத்தால் மட்டுமே உட்கார்ந்திருப்பவை. கைமரத்தைச் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டியால் இணைத்துவிடுங்கள். ஓடு மேலே வந்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. செலவும் சொற்பம். ஆனால் ஓடு வேய்ந்த பிறகு நினைவு வந்தால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

ஓட்டைக் கீழிருந்து மேலாக வேயுங்கள். இரண்டு கூரைகள் சந்திக்கும் உள்மூலையில் விரிக்கும் தகட்டை அகலமாகப் போடுங்கள். ஒழுக்கில் பாதி அங்கிருந்தே வருகிறது. முகட்டோட்டைச் சுண்ணாம்புச் சாந்திலேயே பதிக்க வேண்டும். சீமெந்தில் பதித்தால் மரம் அசையும்போது அது வெடிக்கும். அடுத்த முறை கழற்றும்போது ஓடும் உடையும்.

இப்போது வேலையை நிறுத்துங்கள். இரண்டாவது மாரி வரட்டும்.

7. சுவர்

இங்கேதான் என் மூன்று ஆண்டுகள் போயின. வெள்ளத்துக்குப் பிறகு, உப்புப் பூத்து உதிர்ந்த சுவர்களைப் பார்த்துப் பதறி, கீழ் நான்கு அடிக்குச் சீமெந்து பூசி, அதன்மேல் விலையுயர்ந்த பெயின்டை இரண்டு தடவை அடித்தேன். அந்தச் சித்திரைக்கு வீடு புதுமணப்பெண்போல் இருந்தது. அடுத்த மாரி முடிந்ததும் பெயின்ட் பலூன்போல் உப்பியது. அதற்கடுத்த மாரியில் ஈரம் நான்கு அடியைத் தாண்டி ஏழு அடிக்கு ஏறியது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி ஒரு நாள் கேட்டார்: “தம்பி, வேர்க்கிற ஆளுக்குப் போர்வையைப் போத்தினா வேர்வை நிக்குமா?”

சுவர் ஈரத்தை உள்ளே எடுப்பதை முற்றாகத் தடுக்க முடியாது; எடுத்ததை வெளியே விடுவதற்கு வழி விட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அந்த வழியை விடுகிறது. சீமெந்துப் பூச்சு அடைக்கிறது; அடைபட்ட ஈரம் மேலே ஏறி, சீமெந்து முடியும் இடத்தில் வெளியேறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பளிங்காகத் திரண்டு செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து பிளக்கிறது. ஆகவே முதற்பணி சீமெந்தை நீக்குவது. பெரிய சுத்தியலால் அடித்தால் பழைய மென்செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். சிறு உளியால், விளிம்பிலிருந்து, சுவருக்குச் சமாந்தரமாகத் தட்டுங்கள். ஒரு நாளில் இரண்டு சதுர யார் (பதினெட்டுச் சதுர அடி) முடிந்தால் நல்ல வேலை.

சீமெந்து போனதும் சுவரைக் காயவிடுங்கள். தடித்த சுவர் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது மேசன்மாரின் கைக்கணக்கு. இதற்காகத்தான் சீமெந்தை நீக்கும் வேலையை முதல் கோடையிலேயே, கூரை வேலைக்குப் பக்கத்தில், தொடங்கிவிடச் சொல்கிறேன். காயும்போது உப்பு வெளியே பூக்கும். அதை உலர்ந்த தூரிகையால் துடைத்துத் தாளில் ஏந்தி வளவுக்கு வெளியே கொட்டுங்கள். நீரூற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். எத்தனை சொன்னாலும் யாராவது ஒருவர் குழாயைப் பிடித்துவிடுவார்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு மணல். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வாளியில் பார்க்கலாம். உலர்ந்த மணலை வாளி நிறைய இட்டு, விளிம்பு தட்டும்வரை அளந்து நீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய வாளியின் மூன்றிலொரு பங்கு நீர் உள்ளே போகும். மணலின் இடைவெளி அவ்வளவு. அந்த இடைவெளியைச் சுண்ணாம்பு நிரப்ப வேண்டும். குறைத்தால் சாந்து உதிரும், கூட்டினால் சுருங்கி வெடிக்கும். கடுக்காய், கருப்பட்டி சேர்ப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். களி நன்றாகப் புளித்திருந்தால் சாதாரண வீட்டுச் சுவருக்கு அவை தேவையில்லை என்பது என் அனுபவம். சீமெந்தில் ஒரு கையைச் சேர்த்தால் விரைவாக இறுகும் என்று மேசன் சொல்வார். விடாதீர்கள், அந்த ஒரு கை உப்பைக் கூட்டும், பூச்சின் மூச்சைக் குறைக்கும்.

சுவரை முதல் நாள் மாலையும் பூசும் காலையும் நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் பூசுங்கள். முதல் அடுக்கில் நறுக்கிய தென்னந்தும்பைக் கலந்தால் வெடிப்புக் குறையும். அடுக்கு ஓரளவு இறுகியதும், விரல் நகம் மட்டும் பதியும் நிலையில், மரப்பலகையால் வட்டமாகத் தேய்த்து நெருக்க வேண்டும். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வாரம் விடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. அது நடப்பதற்கு ஈரமும் வேண்டும், காலமும் வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்குப் பெரிய எதிரி கச்சான் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்று, காலையில் பூசிய சுவரை மதியத்துக்குள் உலர்த்தித் தூளாக்கிவிடும். மேற்குச் சுவரைப் பூசும்போது வெளியே கயிறு கட்டி, நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுங்கள். காலை, மதியம், மாலை என்று பத்து நாட்களேனும் மென்மையாக நீர் தெளியுங்கள். பத்தாம் நாள் விரலால் உரசும்போது தூள் ஒட்டக் கூடாது.

8. கதவு, நிலை, யன்னல்

பழைய கதவில் பத்துப் பூச்சுகள் இருக்கலாம். அவற்றுள் கீழானவற்றில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் (மணல்தாள்) போட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி வீடெங்கும் பரவும்; சிறுவர்களுக்கு அது நஞ்சு. நனைத்துச் சுரண்டி, சுரண்டலைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

நிலையின் அடிக்கால் கறையானால் அரிபட்டிருந்தால், அந்த ஓர் அடியை மட்டும் மாற்றி, கீழே ஒரு கருங்கல் துண்டை வைத்து மண்ணிலிருந்து பிரியுங்கள். கறையான் புற்றின் பாதையைத் தேடாமல் மருந்து அடிப்பதில் பொருளில்லை. சுத்தம் செய்த முதிரைக்கு பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை தேய்த்தால், அதன் பொன்னிறம் தானாக எழும். பளபளப்பான வார்னிஷ் வெயில் படும் பக்கத்தில் இரண்டாண்டில் தோலுரியும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

9. மின்சாரம், நீர், தரை

மின்குழாய்க்காகச் சுவரை வெட்டக் கூடாது. கூரைக்கடியில் கொண்டுவந்து, நிலையின் ஓரமாகச் சுவருக்கு வெளியே இறக்குங்கள். குளியலறையையும் மலசலகூடத்தையும் பழைய சுவருக்குள் திணிக்காமல், பின்விறாந்தையோடு ஒட்டித் தனியாகக் கட்டுங்கள். புதிய ஈரம் ஒன்றை நீங்களே உள்ளே அழைக்க வேண்டியதில்லை.

சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் அதைப் பெயர்த்துத் தரையோடு (டைல்ஸ்) பதிக்கும் ஆசையை அடக்குங்கள். சோப்பு நீரால் கழுவி, வெடிப்பைச் சிவப்புக் காவி கலந்த சாந்தால் அடைத்து, மெழுகு தேய்த்தால் அதன் பழைய மினுக்கம் ஒரு மாதத்தில் திரும்ப வரும். பளபளக்கும் தரையோடு பதித்த வீட்டில் தரைக்கடி ஈரம் முழுவதும் சுவருக்குத் திரும்பியதை நான் இரண்டு இடங்களில் பார்த்தேன்.

10. நிறமும் அலங்காரமும்

நிறம் தெரிவு செய்வதற்கு முன், வீட்டிடமே கேளுங்கள். பூச்சு உதிராத ஒரு மூலையில், கதவு நிலைக்குப் பின்னால் அல்லது அலுமாரி நின்ற இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒவ்வொரு படலமாக மெல்லிய கத்தியால் சுரண்டுங்கள். எங்கள் மண்டபத்தில் மேலிருந்து இளம்பச்சை, அதன் கீழ் ரோஸ், பிறகு மீண்டும் மீண்டும் வெள்ளை, கடைசியில் மஞ்சட் காவி வந்தது. அந்தக் காவியைத்தான் திரும்ப அடித்தோம்.

சுண்ணாம்புக் களியைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, நனைத்த சுவரில், வெயில் இல்லாத வேளையில், நாளுக்கு ஒன்றாக ஐந்து தடவை அடியுங்கள். அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாததுபோல் சுவர் தெரியும். காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். இதை அறியாதவர்கள் முதல் தடவையே குழைத்துத் தடிப்பாக அடித்து, அது செதிளாக உரிவதைக் காண்கிறார்கள். நிறத்துக்குக் காவி மண்ணும் உடைவெளுக்கும் நீலமும் பொருந்தும். சுண்ணாம்பு எல்லா நிறத்தூளையும் பொறுக்காது.

தளபாடத்தில் குறைவே நிறைவு. பெட்டகம், சாய்மனைக் கதிரை, பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு பன்பாய். மண்டபத்துக்கு இவை போதும். திரைக்கு மருதமுனைக் கைத்தறிப் பருத்தி எடுங்கள். செயற்கை இழைத் திரை காற்றை மறிக்கும்; கைத்தறி காற்றோடு போகும். தரைக்கு இரண்டு விரல் மேலாக வெட்டித் தையுங்கள்; மாரியில் ஓரம் நனையாது. அலுமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், இல்லையேல் பின்னால் பூஞ்சணம் பூக்கும். மூதாதையர் படங்களை வெளிச்சுவரில் தொங்கவிடாமல், இரண்டு அறைகளுக்கு இடையிலான உட்சுவரில், அடியில் ஒரு சிறு தக்கை வைத்துக் காற்றோடும்படி மாட்டுங்கள். மூலப்படத்தைப் பெட்டகத்துள் வைத்துப் பிரதியைச் சுவருக்குக் கொடுப்பது இன்னும் நல்லது. உல்லாச விடுதிகளைப் பார்த்து வண்டிச் சில்லையும் கலப்பையையும் சுவரில் அறைகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த ஆணி, பத்து நாள் நீர் தெளித்து வளர்த்த பூச்சின் வழியாகத்தான் இறங்குகிறது.

11. ஆண்டு தோறும்

புரட்டாதியில் கூரையோரப் பீலிகளில் (மழைநீர்த் தகடுகளில்) இருக்கும் சருகை வாருங்கள்; சுவரடியில் மண் உயர்ந்திருந்தால் வெட்டி இறக்குங்கள்; சுவர்த்தலையில் முளைத்த கன்றுகளை அறுங்கள். சுவரின் கீழ் இரண்டு அடிப் பூச்சு உப்பை வாங்கி உதிர்வதற்கென்றே இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டி வரும், அதற்காக ஒரு பரல் களி எப்போதும் மாமரத்தடியில் மூடியிருக்கட்டும்.

ஐப்பசியில் முதல் பெருமழை தொடங்கியதும் டோர்ச்லைட்டோடு கூரைக்கடியில் ஏறி, நனைந்து கறுத்திருக்கும் ஓட்டின் அடிப்புறத்தில் சோக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். மழை விட்டதும் மாற்ற வேண்டியது அந்த ஓர் ஓடு மட்டுமே.